நீல சோப்பு

"கெமிக்கல் ஒண்டும் பாவிக்க வேண்டாம், என்ன?"
மிருணாளினி டொரொண்டோவிலிருந்து குரல் அனுப்பியிருந்தாள்.
அங்கே நள்ளிரவாகப் போகிறது.
இங்கே டொக்யார்ட் வீதியில் காலை ஒன்பது.
பூட்டு திறக்க மாட்டேன் என்றது.
தேங்காயெண்ணெய் மூன்று சொட்டு விட்டுக்
கொஞ்சம் பொறுத்தோம்.
பிறகு உள்ளே விட்டது.

பதினொரு வருசம் ஆளில்லாத வீடு.
வௌவால் எச்சம், கறையான் மண்,
எல்லாவற்றின் மேலும் உப்பு.
ஜெஸீமா சுவரில் விரலை வைத்து நக்கிப் பார்த்தாள்:
"கறிக்குக் காணும்."

வாடிய தேசிக்காய் ஐம்பது, பாதி விலைக்கு.
அப்பச்சோடா. தென்னம் வினாகிரி ஒரு கான்.
அவள் வீட்டு அரிசி கழுவிய தண்ணி,
கிழித்த சாரம், பொச்சு.
நான் உப்புவெளி ஹோட்டலில் ஆறு வருசம்
குளியலறை கழுவியவள்.
பிளீச் தின்ற விரல்களில் ரேகை இல்லை.
அடையாள அட்டைக்குப் போன இடத்தில்
துடைத்துத் துடைத்து வைக்கச் சொன்னார்கள்,
மெஷின் என்னை நம்பவில்லை.

முதல் நாளே பிழைத்துவிட்டது.
வினாகிரியைச் சுவரில் அடித்தேன்,
சுவர் நுரைத்தது.
வளைக்குள் நண்டு மூச்சுவிடுவதுபோல் ஒரு சத்தம்.
சுண்ணாம்புச் சுவருக்குப் புளிப்பு ஆகாதென்று
எந்தப் போத்தலிலும் எழுதியிருக்கவில்லை.
உள்ளங்கை அகலம்
பாலாய் வழிந்து நிலத்துக்கு வந்தது.
தென்னையில் இருந்து வந்த சாமான்தானே என்றேன்.
"இயற்கை எண்டாச் சாதுவெண்டு ஆர் சொன்னது?
கடலும் இயற்கைதான்."
அதற்குமேல் ஜெஸீமா அன்றைக்குப் பேசவில்லை.

பிறகு சுவருக்கு வெறும் தும்புத் தூரிகை, ஈரமில்லாமல்.
வினாகிரி கண்ணாடிக்குப் போனது;
பழைய பேப்பரில்
மரண அறிவித்தல் பக்கம்தான் நன்றாக மினுக்குகிறது.
பித்தளைக் கொண்டிக்குப் பழப்புளி.
சிவப்புச் சீமெந்துக்கு என் முழங்கால் இரண்டும்.

மூன்றாம் நாள் மேற்குச் சுவரில்
பூச்சு ஓடாய்க் கழன்று விழ,
நீலமாய் ஒரு பொட்டு.
துவக்கு முனை நுழையும் அளவுத் துளை.
யாரோ அதில் சோப்பை அடைத்துப்
பெருவிரலால் அழுத்தி மட்டமாக்கியிருக்கிறார்கள்.
காய்ந்து வெடித்தும் ரேகை அப்படியே இருந்தது.
சுழி, வளைவு, குறுக்கே
மீன் வெட்டும்போது பட்ட காயம் மாதிரி ஒரு கோடு.

எந்த வருசத்துத் துளை என்று
ஒருவரும் கேட்க மாட்டார்கள் இந்த ஊரில்.
வருசங்கள் நிறைய.

படமெடுத்து மிருணாளினிக்கு அனுப்பினேன்.
எழுதுகிறாள், நிற்கிறாள், எழுதுகிறாள்.
கடைசியில்: "சோப்புத்தானே, கழுவிவிடுங்கோ."
நான் பதில் போடுமுன் அதை அழித்துவிட்டாள்.
பிறகு ஒன்றும் வரவில்லை.

மத்தியானம் படலை திறந்திருந்தது.
புள்ளிமான் ஒன்று,
பஸ் நிலையத்தில் பொலித்தீன் தின்று திரிகிற கூட்டத்தில் ஒன்று,
நேரே வந்து வாளிக்குள் தலையை விட்டது.
கழுவிய ஊத்தைத் தண்ணி.
அரிசிக் கஞ்சல், தேசிக்காய்த் தோல், வீட்டுப் புழுதி.
விரட்டப் போன கை
பாதியில் நின்றுவிட்டது.
அந்த வாளியில் அதைக் கொல்ல ஒன்றும் இல்லை.
அப்படியொரு வாளியை
நான் இதற்குமுன் தூக்கியதே இல்லை.
மிச்சம் வைக்காமல் குடித்து,
மூக்கில் ஒரு விதையோடு போனது.

பின்னேரம் சுண்ணாம்பு குழைத்து
நான் கெடுத்த இடத்தைப் பூசினேன்.
மேற்குச் சுவரிலும் பூசினேன்,
அந்த நீலத்தைச் சுற்றி,
ஈரம் படாமல், ஒரு விரல் தள்ளி.
"ஐப்பசி மழைக்கு நுரைக்கும்," என்றாள் ஜெஸீமா.
"நுரைக்கட்டும்."

படலைக்கு வெளியே நின்று அவள் கணக்கு எழுதினாள்:
தேசிக்காய் ஐம்பது.
வினாகிரி ஒரு கான்.
சுண்ணாம்பு இரண்டு கிலோ.
என்னை ஒருமுறை பார்த்துவிட்டு,
சோப்பு: இல்லை.